நாலாம் நம்பர் கரி

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, அப்புறம் குத்துதே குடையுதே என்று புலம்புகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். பெரிய மாப்பிள்ளை அந்த ரகம். அவரே போய்ச் சிபாரிசு சொல்லி, அவரே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு, அவரே கூட்டிக்கொண்டு வந்து வேலையில் உட்கார வைத்ததுதான் சின்ன மாப்பிள்ளையை. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மனைவி மட்டும் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதற்குக் கத்தியே தேவலை.

முறைக்கு இருவரும் சகலை. இவர் மூத்த மகளைக் கட்டியவர், அவர் இளையவளைக் கட்டியவர். மாமியார் ஒருநாள் சாவி கொடுக்க வேலை இடத்துக்கு வந்தவர், வாசலில் நின்றுகொண்டு “பெரிய மாப்பிள்ளை இருக்காரா, சின்ன மாப்பிள்ளை இருக்காரா” என்று கேட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் இருவருக்கும் வேறு பெயர் கிடையாது.

வேலை இடம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. சுற்றியிருக்கிற நான்கு தெருக்களின் சமையலறைக் குப்பை காலையில் அங்கே வந்து இறங்கும். காய்த் தோல், பழத் தோல், கொட்டை ஓடு, டீத்தூள் சக்கை, மிச்சம் மீதி எல்லாம். பிரித்து, இரண்டு தடவை கழுவி, காயவைத்து, அரைத்து, காற்றுப் புகாத உலையில் முதலில் கரியாக்குவார்கள். அப்புறம் அந்தக் கரியோடு பொட்டாஷ் காரம் கலந்து, இரண்டாம் உலையில் எண்ணூறு டிகிரியில் வேகவைத்து, கழுவி உலர்த்தினால் கறுப்பாக ஒரு பொடி வரும். பேட்டரிக்கும் தண்ணீர் வடிகட்டிக்கும் அதைக் கேட்டு அலைகிறார்கள். குப்பையாக வரும்போது மூக்கைப் பொத்துகிறவர்கள், பொடியாகப் போகும்போது பெட்டியில் வைத்துப் பூட்டி, காரின் முன்சீட்டில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

இரண்டாம் உலை பெரிய மாப்பிள்ளையுடையது. உடையது என்றால் சொத்துப் பத்திரம் ஒன்றும் இல்லை. பதினோரு வருஷம் அதன் முன்னால் நின்று வெந்தவர், அவ்வளவுதான். கதவின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். உலையிடம் காட்டிய பொறுமையில் கால்வாசியை மனிதர்களிடம் காட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

கொட்டகையை நடத்தியவர் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். கோபம் வராது, சிரிப்பும் வராது, கேள்வி மட்டும் வந்துகொண்டே இருக்கும். அந்த வருஷம் அவர் ஒரு செய்தி சொன்னார். பேட்டரிக் கம்பெனி ஒன்று பெரிய ஆலை கட்டப் போகிறது. அங்கே எட்டு உலைகள். எட்டுக்கும் சேர்த்து ஒரு தலைவர். இந்தக் கொட்டகையிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள்.

பெரிய மாப்பிள்ளை அன்றைக்கே மனசுக்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் டாக்டரம்மா அத்தோடு நிறுத்தவில்லை. இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே அளவு கரியில் தனித்தனியாக ஆறு சட்டி போடட்டும், ஒரு தடவை உலையில் வைப்பது ஒரு சட்டி, யாருடைய எண் உசத்தியாகவும் நிலையாகவும் இருக்கிறதோ அவரே தலைவர் என்றார்.

எண் என்பது இதுதான். அந்தப் பொடியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு கிராம் பொடியின் ஓட்டைச் சுவரையெல்லாம் பிரித்து விரித்தால் எத்தனை சதுர மீட்டர் வரும் என்று சோதனை அறையில் இருக்கிற இயந்திரம் சொல்லும். ஆயிரத்தைத் தாண்டினால் நல்ல பொடி. எண் ஏற ஏறக் கம்பெனிக்காரருக்கு வாயெல்லாம் பல்.

பெரிய மாப்பிள்ளையின் முதல் மூன்று சட்டிகள் ஆயிரத்து நூற்றிருபது, ஆயிரத்துத் தொண்ணூறு, ஆயிரத்து நூற்று முப்பது. மோசமில்லை. சின்ன மாப்பிள்ளையின் மூன்றும் ஆயிரத்து இருநூறை ஒட்டியே வந்தன. வந்து ஒன்றரை வருஷம் ஆகவில்லை, பாலைக் குடித்துவிட்டுத் தொட்டிலில் கிடக்க வேண்டிய அனுபவம். அதற்குள் இது.

வயிறு எரிந்தது. அப்படியே சொல்லிவிடுவதுதான் நியாயம். சின்ன மாப்பிள்ளை பொடியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சலிப்பதைப் பார்த்தால் எரிந்தது. சலிக்கும்போது மெல்லிசாக ஏதோ முணுமுணுப்பதைக் கேட்டால் எரிந்தது. குப்பை பிரிக்கிற பெண்கள் இவரிடம் “சரிங்க” என்றும் அவனிடம் “சரிப்பா” என்றும் சொல்வதுகூடப் பொறுக்கவில்லை. மரியாதை இவருக்குத்தான் கூட, ஆனால் பிரியம் அந்தப் பக்கம் போனது. மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாமியார் வீட்டிலும் இதே கதை. இவர் மாப்பிள்ளையாகி இருபது வருஷம், ஒரு குழாய் ஒழுகினாலும் இவர்தான் போய் நிற்பார். அவன் போய் நிற்பதில்லை, உட்கார்ந்து மாமனாரோடு பேசிக்கொண்டிருப்பான். அதற்கே அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மூன்றாவது எண் வந்த அன்று டாக்டரம்மா இவரிடம் வந்து, சலிக்கிற முறையை ஒரு தடவை சின்ன மாப்பிள்ளையிடம் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பொடி கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கிறது என்று சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். சல்லடையை எந்தக் கையால் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். “பார்த்துக்கறேங்க” என்று சொல்லிவிட்டுப் போய் உலைக் கதவைத் துடைத்தார். துடைத்த இடத்தையே கால்மணி நேரம் துடைத்தார்.

மறுநாள் மத்தியானம். சின்ன மாப்பிள்ளை நாலாம் சட்டிக்குக் கரியையும் காரத்தையும் கலந்து, மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தான். மற்றவர்கள் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டார்கள். கொட்டகையின் பின்சுவரோரம் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கிற தொட்டி ஒன்று உண்டு. அதற்குப் போடுகிற உப்பு மூட்டை பக்கத்திலேயே இருக்கும்.

அந்தக் கொட்டகையில் உப்பு என்றால் பகைவன். சாப்பாட்டு மிச்சத்தில் உப்பு இருக்கும் என்பதற்காகத்தானே குப்பையை இரண்டு தடவை கழுவுவதே. உப்பு உள்ளே போனால் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும், உலைத்தட்டை அரிக்கும், பொடி வீண் என்று எல்லாருக்கும் பாடம். சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகையே தொங்கியது.

பெரிய மாப்பிள்ளை தண்ணீர் குடிக்கத்தான் போனார். அப்படித்தான் பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூட்டையின் அடியில் மாவாகக் கிடந்த உப்பில் கை போனது. ஒரு பிடி அள்ளினார். நேராக நடந்து வந்து, மூடியைத் திறந்து, போட்டு, மரக் கரண்டியால் ஆறு சுற்றுச் சுற்றி, மூடியை வைத்தார். கறுப்பில் வெள்ளை எங்கே தெரியப் போகிறது? மொத்தமும் ஒரு நிமிஷம் இருக்காது.

அப்புறம் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். சின்ன மாப்பிள்ளை தன் டப்பாவில் இருந்த வறுவலில் பாதியை எடுத்து இவர் தட்டில் வைத்து, “அண்ணே, உங்க மச்சினி செஞ்சது, நல்லா இருக்கு” என்றான். நல்லாத்தான் இருந்தது. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது. கெடுதல் செய்துவிட்டு வந்தவனிடம் ஒருவன் இப்படியா நடந்துகொள்வது, கொஞ்சமாவது மோசமாக இருந்து தொலைக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

நான்கு நாள் கழித்து நாலாம் சட்டியின் எண் வந்தது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது.

சோதனை அறைப் பெண் இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். மறுபடி ஓட்டினாள். அதே எண். டாக்டரம்மா வந்து, தானே பொடியை எடுத்துப் போட்டு மூன்றாம் தடவை ஓட்டினார். பத்து கூடுதலாக வந்தது. டாக்டரம்மா சிரித்ததை அந்தக் கொட்டகை அன்றுதான் பார்த்தது. குப்பை பிரிக்கிறவர்கள் கையுறையோடு கைதட்டினார்கள். சின்ன மாப்பிள்ளை நடுவில் நின்று, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பையன் மாதிரி முழித்தான்.

பெரிய மாப்பிள்ளைக்குக் காது அடைத்துக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்புவது உண்டு. பூதத்தை ஏவிவிட, அது போய் எதிராளிக்குக் கிணறு வெட்டிக் கொடுத்த கதை யாராவது கேட்டதுண்டா? ஐயோ, அந்த உப்புதான் என்று அவருக்குத் தெரியும். உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? அவரும் கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பாடு. மாமனார் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, “குப்பையிலே தங்கம் எடுத்தவர்” என்று சின்ன மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தினார். கரி என்று திருத்தினான் அவன். “ரெண்டும் ஒண்ணுதான் இப்ப” என்றார் மாமனார். வந்தவர்களில் ஒருவர் பெரிய மாப்பிள்ளையைப் பார்த்து, நீங்களும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்களா என்று விசாரித்தார். இவர் ஆமாம் என்று தலையாட்டினார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லலாம். சொன்னால் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள். சகலையின் சட்டியைக் கெடுக்கப் போய்க் கண்டுபிடித்தேன் என்றா சொல்வது? சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யாருக்கும் சொல்ல வேண்டாம், தன் சட்டியிலும் போட்டுவிட்டால் போகிறது. எண் ஏறும், நாற்காலி கிடைக்கும்.

தன் ஐந்தாம் சட்டிக்குப் பயந்து பயந்து, தராசில் வைத்து நாற்பது கிராம் போட்டார். எண் அசையவே இல்லை. ஆறாம் சட்டிக்கு ஆசை மிஞ்சி இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டினார். அறுநூற்றுப் பத்து. போதாக்குறைக்கு உலைத்தட்டு அரித்துப்போய்ச் சல்லடை மாதிரி ஆனது. பழைய தட்டு என்று சொல்லிச் சமாளித்தார். அன்றைக்கு எவ்வளவு போட்டோம் என்று எத்தனை யோசித்தும் நினைவில் வரவில்லை. தன் நல்லதுக்கென்று நீட்டும்போது அந்தக் கை வேறு மாதிரி அள்ளியது.

இந்தப் பக்கம் சின்ன மாப்பிள்ளையின் பிழைப்பும் சிரிப்பாய்ச் சிரித்தது. ஐந்தாம் சட்டி ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஆறாவது ஆயிரத்து இருநூற்று எட்டு. டாக்டரம்மா இன்னும் இரண்டு போடச் சொன்னார். அவையும் அங்கேயே நின்றன. அடுத்த வாரம் கம்பெனிக்காரர் வந்தார். மற்ற எண்களையெல்லாம் பார்த்தார், நாலாம் எண்ணைப் பார்த்தார், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கடையில் வாங்கிய உயர்ந்த ரகப் பொடியைக் கலந்தால் இப்படி ஒரு தடவை மட்டும் வரும், இந்த வித்தையை வேறு இடத்திலும் பார்த்திருக்கிறேன் என்றார்.

விளக்கம் கொடுக்கிற வரைக்கும் சின்ன மாப்பிள்ளை உலைப் பக்கம் வரக்கூடாது என்று ஆனது. அவனைக் குப்பை பிரிக்கிற மேசைக்கு அனுப்பினார்கள். பெரிய மாப்பிள்ளைக்கு அன்று டீ ருசித்தது. பசி எடுத்தது. இரண்டு நாள், சரியாக இரண்டே நாள், மனசு குளிர்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மச்சினி வீட்டுக்கு வந்து அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் திருடன் இல்லை என்று உங்களுக்கெல்லாம் தெரியாதா என்று கேட்டாள். அவள் போன பிறகு மனைவி இவர் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்க பதினோரு வருஷமா இருக்கீங்க. அவரு அப்படிப்பட்டவர் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா கேக்க மாட்டாங்களா?”

பார்க்கலாம் என்றார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், உங்களுக்கு அது எங்கேதான் இருக்கிறதோ என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இவருக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உறுத்தியதே தவிர வாய் திறக்கவில்லை. மண்ணில் விழுந்த எதிராளியைத் தூக்கிவிட்டு, அவனை மறுபடி நாற்காலியில் உட்கார வைக்க இவர் என்ன மகானா?

அவன் விழுந்த இடத்திலும் சும்மா கிடக்கவில்லை, அதுதான் சங்கடம். நாலாம் சட்டிக்கு வந்த குப்பையில்தான் ஏதோ விசேஷம் இருந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, வேலை முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நான்கு தெருவிலும் வீடு வீடாகப் போனான். அந்த வாரம் என்ன சமைத்தீர்கள், என்ன பழம் வாங்கினீர்கள், தோலை எங்கே போட்டீர்கள் என்று கதவைத் தட்டிக் கேட்டான். முதலில் விரட்டியவர்கள் பிறகு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். ஒரு அம்மா தன் வீட்டுப் பழத்தோலை மட்டும் தனிப் பையில் கட்டி, அவன் பெயர் எழுதிக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். நூற்றிருபது வீடு முடித்துவிட்டான் என்று சோதனை அறைப் பெண் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள். கெட்ட பெயர் வாங்கியவனுக்கு இவ்வளவு நல்ல பெயரா? பெரிய மாப்பிள்ளைக்கு மறுபடியும் பசி நின்றுபோனது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு டாக்டரம்மா சோதனை அறையில் எல்லாரையும் கூப்பிட்டார். கம்பெனிக்காரர் இருந்தார், அறைப் பெண் இருந்தாள், இரண்டு மாப்பிள்ளைகளும் இருந்தார்கள். கம்பெனிக்காரர் விஷயத்தை முடித்துவிடலாம் என்றார். நிலையாக வந்த எண்கள் பெரியவருடையதுதான் என்றும், அவருடைய ஆறாவதைத் தட்டுப் பழுது என்று தள்ளிவிட்டால் மற்றது சரி என்றும் சொன்னார். அவரையே தலைவராகப் போட்டுவிடலாம், சின்னவரை அனுப்பிவிடலாம்.

நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. பேசாமல் இருந்தால் போதும். பெரிய மாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. சின்னவர் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கட்டும், தலைவர் விஷயம் நீங்கள் சொன்னபடியே ஆகட்டும், ஆனால் ஒன்று என்று ஆரம்பித்தார்.

“ஏமாத்தினவன் நூத்தியிருபது வீட்டுக் கதவைத் தட்ட மாட்டான். நாலாம் சட்டியில இவர் கையால ஏதோ நடந்திருக்கு. என்னன்னு இவருக்கே தெரியல. இன்னைக்கு இல்லன்னாலும் என்னைக்காவது கண்டுபிடிப்போம். அப்ப இவர் பேர்லதான் பதிவு பண்ணப் போறேன்.”

இவர் பேரிலா?

சத்தியமாகச் சொல்கிறேன், மச்சினியின் கண்ணீருக்கு இளகாத மனுஷன், மனைவியின் பேச்சுக்கு அசையாத மனுஷன், இந்த ஒரு வார்த்தையில் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். வேலை போகும், மானம் போகும் என்று எல்லாம் தெரிந்தும் எழுந்தார். தன் கை செய்த காரியத்துக்கு அவன் பெயரை எழுதப் போகிறார்கள் என்பது ஒன்றைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“அது அவன் கை இல்ல, என் கை” என்றார். “உப்பு. நான்தான் போட்டேன்.”

ஆரம்பித்த பிறகு அவராலும் நிறுத்த முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போட்டது, கெட்டுப் போகட்டும் என்று போட்டது, அப்புறம் தன் சட்டிகளில் நாற்பது கிராம் போட்டது, இரண்டு கை போட்டது, தட்டு அரித்தது, எல்லாவற்றையும் கொட்டினார். சின்ன மாப்பிள்ளை பக்கம் மட்டும் திரும்பவில்லை.

டாக்டரம்மா திட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் பேனாவை எடுத்தார்.

“எவ்வளவு போட்டீங்க?”

“ஒரு பிடி.”

“எத்தனை கிராம்?”

“ஆத்திரத்துல போட்டதுங்க. எடை பாக்கல.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். தலைவர் வேலை உங்களுக்குக் கிடையாது, மற்றதைப் பிறகு பேசலாம் என்று, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். நாற்பதில் அசையவில்லை, இரண்டு கையில் பாழாகிவிட்டது, நடுவில் எங்கேயோதான் அந்த எண் இருக்கிறது, அந்தப் பிடி எனக்கு வேண்டும் என்றார். உப்பையும் தராசையும் கொண்டுவரச் சொன்னார்.

அறைப் பெண் எழுவதற்குள் சின்ன மாப்பிள்ளை எழுந்தான். உப்பு மூட்டையை அவனே இழுத்துக்கொண்டு வந்தான். தராசை மேசைமேல் வைத்து, சமன் பார்த்து, கண்ணாடிக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். முகத்தில் கோபம் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. வெளுத்திருந்தது.

பெரிய மாப்பிள்ளை குனிந்து ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். நாற்பத்தெட்டு. டாக்டரம்மா இது இல்லை என்று தலையை அசைத்தார். உப்பைத் திருப்பிக் கொட்டிவிட்டு மறுபடி எடுத்தார். அறுபத்துமூன்று. அதுவும் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. பதினோரு வருஷம் அளந்து அளந்து பழகிய விரல்கள், தராசைக் கண்டதும் ஒழுங்காக மூடிக்கொண்டன.

“அண்ணே” என்றான் சின்ன மாப்பிள்ளை. “இது எடை பாக்கற கை. அன்னைக்கு அள்ளினது இது இல்ல.”

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னை நெனச்சுக்கிட்டு எடுங்க” என்றான்.

அறைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கம்பெனிக்காரர் சின்ன மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முதல் தடவையாக மரியாதையோடு. டாக்டரம்மாவின் பார்வையும் அவன்மேல்தான். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். குழியில் தள்ளியது இவர், தள்ளியதை ஒத்துக்கொண்டதும் இவர், அதிலும் நல்லவன் பட்டம் அவனுக்குத்தான் போகிறது. இவ்வளவு ஆன பிறகும் அவனுக்குத்தானா? வெட்கத்தில் குறுகி நின்ற மனுஷனுக்கு உள்ளே அது குபீரென்று கிளம்பியது. அன்றைக்குக் கிளம்பிய அதே இடத்திலிருந்து, கொஞ்சமும் குறையாமல் கிளம்பியது.

கை மூட்டைக்குள் மணிக்கட்டு வரை போனது. விரல்கள் அகல விரிந்து இறுகின. வெளியே வந்த பிடியைக் கிண்ணத்தில் கொட்டினார். இதுதான் என்று உள்ளங்கைக்கே தெரிந்தது.

நூற்றுப் பதினாறு.

சின்ன மாப்பிள்ளை தராசின் எண்ணைப் பார்த்தான். நோட்டில் எழுதவில்லை. இவரைப் பார்த்தான்.

“இவ்வளவா அண்ணே?”

பெரிய மாப்பிள்ளை கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

“அன்னைக்கு வர்ற வழியில கொஞ்சம் சிந்திருச்சு” என்றார்.